நற்பெயர்த் துறை

சுகிர்தாவுக்கு நற்பெயர்த் துறையிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் ஒரு கிரேன் ஓட்டுநரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத்துறை அரசு மருத்துவமனையில் பேச்சும் செவியும் அவள் பிரிவு. துறைமுகத்து ஆட்கள் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை அவளிடம் வந்து காதைக் காட்டியாக வேண்டும் என்று விதி. பன்னிரண்டு வருடமாக அந்த இரைச்சலில் செவிடாகிக்கொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் காதுகள் அவள் கோப்புகளில் இருந்தன.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டி வரும். ஒரு நோயாளியைப் பார்க்கணும்" என்றது போன். யார், எங்கே என்று அவள் கேட்கவில்லை. வெண்மணல் குடியரசில் அந்தத் துறையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

நற்பெயர்த் துறை போலீஸ் அல்ல. வெளிநாட்டார் கண்ணுக்கு நாடு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அலுவலகம். முதலில் சுற்றுலாப் படங்கள் எடுத்தார்கள். பிறகு ஜெயில்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஜெயில் இருந்தால்தானே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்பார்கள்.

மறுநாள் வண்டி போய் நின்றது மீன் சந்தைத் தெருவில். வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் காவல் இல்லை. கூடத்து மூலையில் ஒரு கேமரா மட்டும் இருந்தது. நோயாளியின் உடல்நிலையைக் கவனிப்பதற்காக என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம். இன்னாசி. துறைமுக மருத்துவமனைப் பிணவறையில் பதிவு எழுத்தர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கிரேன் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். பழுதான கிரேன்களை மாற்று என்று கேட்டுத் தொழிலாளர்கள் ஏழாம் வாயிலுக்கு ஊர்வலம் போனார்கள். அங்கே சுட்டார்கள். நெரிசலில் நாலு பேர் இறந்ததாக அரசாங்கம் சொன்னது. மற்றபடி வீடு திரும்பாதவர்கள் கப்பலேறி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. பிணவறைப் பதிவேட்டை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அதை எழுதியவருக்கு எழுதியதெல்லாம் மனப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னாசி மீன் சந்தை நடுவில் ஒரு ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்பது பெயர் சொல்லி முடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது. யாரோ எடுத்த புகைப்படம் கடல் தாண்டிப் போனது. இன்னாசி எங்கே என்று உலகம் கேட்டது. அவருடைய வீட்டில்தான் இருக்கிறார், வந்து பாருங்கள் என்றது குடியரசு.

துறையின் அதிகாரி பூபாலன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மென்மையாகப் பேசுகிற மனிதர். "போன மாசம் லேசான பக்கவாதம். நீங்க பாருங்க மேடம்" என்றார்.

சுகிர்தா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"குடை."

"இது?"

"அருவாமணை. எங்க வீட்டுல இதைவிடப் பெருசு கெடக்கு."

நாக்கில் குழறல் இல்லை. தேதி, கிழமை, நேற்றுச் சாப்பிட்டது, பதினேழோடு எட்டைக் கூட்டுவது, எல்லாம் சரி. அடுத்து அவள் அதிபரின் படத்தைக் காட்டினாள்.

"இவரா? எல்லாச் சுவத்துலயும் தொங்குதவரு."

"பேரு?"

"தெரியும். வரல."

ஊர்ப் படம், கோயில் படம், கடைசியாக அவருடைய மகள் படம். ஒன்பது வயதுப் பெண், முன்பல் ஒன்று இல்லாமல் சிரித்தாள். இன்னாசி அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என் மக. இங்கதான் பொறந்தா. மழை பேஞ்சிக்கிட்டு இருந்துச்சு. பேரு நான்தான் வச்சேன்." அதற்கு மேல் அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

"உங்க பேரு அண்ணாச்சி?"

அதுவும் வரவில்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது வண்டியில் சுகிர்தா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. "பக்கவாதம் இவ்வளவு சுத்தமா வராது சார். எல்லாம் இருக்கு, பேரு மட்டும் இல்ல. யாரோ அளந்து வெட்டி எடுத்த மாதிரி இருக்கு."

பூபாலன் கோபப்படவில்லை. "நீங்க கெட்டிக்காரங்கன்னுதான் கூப்பிட்டோம். தலையில ஒரு தொப்பி வைப்பாங்க. அதுல ஒரு ஒலி வரும், காதுக்குக் கேட்காது. நாப்பது நிமிஷம். ஊசி இல்ல, ரத்தம் இல்ல. மூளையில பேரையும் ஆளையும் முடிச்சுப் போடுற இடம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அது மட்டும் தூங்கிடும்."

"முழிக்குமா?"

"இதுவரைக்கும் முழிக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுப் பாருங்க. முன்னாடி ஒருத்தரைப் பிடிச்சு உள்ள போட்டா அவர் படத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா நிப்பாங்க. அடிச்சா தழும்பு இருக்கும். இப்ப யாரையும் உள்ள போடறதில்ல, தொடறதில்ல. இன்னாசி என்ன வேணாலும் பேசலாம். சுட்டாங்கன்னு சொல்லட்டும். யாரு சுட்டாங்க, யாரு செத்தாங்கன்னு சொல்ல முடியாது. பேரில்லாத சாவு வதந்தி மேடம். வதந்தியை எந்த அறிக்கையிலயும் எழுத மாட்டாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"பதினெட்டு நாள்ல சர்வதேசக் குழு வருது. மூணு பேர். அவங்க முன்னாடி இவர் இப்படித் திணறக் கூடாது. பேர் வர்ற இடத்தை நோகாம சுத்திக்கிட்டுப் போகப் பழக்குங்க. அந்தத் தம்பின்னு, மேலத் தெருக்காரருன்னு, அப்படி. உங்களுக்குத் தெரியாத வேலையா."

தெரிந்த வேலைதான். வார்த்தை வராதவர்களுக்கு அவள் தினமும் கற்றுக்கொடுப்பது அதைத்தான். அன்று வீட்டில் கணவன் ஜெயசீலனிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "உனக்கு வேலை நாக்கோட, நாட்டோட இல்ல. போய்ட்டு வா."

அவள் போனாள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம். இன்னாசி நல்ல மாணவர். நாலாம் நாளே அவர் தடங்கலில்லாமல் பேசினார். கேட்கிறவர்களுக்கு அவரிடம் குறை இருப்பதே தெரியாது. அது அவளுடைய கைவேலை. வீட்டுக்குப் போனதும் தன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அவருடைய மனைவி செலின் அவளோடு முதல் வாரம் முழுக்கப் பேசவில்லை. தேநீரை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் தானாகவே வாய் திறந்தாள்.

"இவுக பிள்ளைய 'ஏ புள்ள'ன்னு மட்டும் கூப்புடுதாவ. அவ என்னட்ட வந்து அழுதா. அப்பாவுக்கு என்மேல கோவமான்னு. நான் என்னத்தச் சொல்ல? நோய்னு சொல்லுதேன். யாரு குடுத்த நோய்னு சொல்ல முடியல."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவிலிருந்து யாரோ ஒரு பெண் குழந்தை, "பெனிட்டா, விளையாட வாரியா?" என்று கூப்பிட்டது.

இன்னாசி சட்டென்று திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கேதான் மகள் நின்றிருந்தாள்.

சுகிர்தா அதைக் கவனித்தாள். மறுநாள் பயிற்சிக்கு நடுவில் சாதாரணமாக, "பெனிட்டா, செலின், கமலம், இதுல உங்க மக யாரு அண்ணாச்சி?" என்றாள். முதல் பெயருக்கே அவர் விரல் அடுப்படியைக் காட்டியது. சொல்லச் சொன்னாள். "பெ" என்று தொடங்கி அது பெட்டியாகவும் பெருக்குமாறாகவும் போயிற்று. எழுதச் சொன்னாலும், அவள் எழுதிக் காட்டினாலும் எழுத்துகள் ஒட்டாமல் உதிர்ந்தன. ஆனால் காதில் விழுந்தால் தெரிந்தது. பெயர் வெளியே வருகிற கதவைத்தான் அடைத்திருந்தார்கள். உள்ளே போகிற கதவு திறந்தே கிடந்தது.

பூபாலனுடைய ஆட்களுக்கு இது தெரியாதா என்று அவள் யோசித்தாள். தெரிந்திருக்கும். தெரிந்தும் கவலைப்படாமல் இருந்திருப்பார்கள். அந்தப் பெயர்களை அவர் காதில் சொல்ல ஆள் வேண்டுமே. பதிவேடு இல்லை. குடும்பங்கள் வாய் திறக்காது.

அன்று பகல் சாப்பாட்டு வேளையில் அவள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு காதுப் பரிசோதனைக் கோப்புகளை எடுத்தாள். துறைமுகத்து ஆட்களில் இரண்டு வருடமாகப் பரிசோதனைக்கு வராதவர்கள் யார் யார்? இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஓய்வு பெற்றவர்கள், ஊர் மாறியவர்கள், வராமலே டிமிக்கி கொடுப்பவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அத்தனை பெயரையும் கையால் ஒரு நோட்டில் எழுதினாள். பலரை அவளுக்கு முகம் தெரியும். வலது காது மந்தமானவர், இரைச்சலைப் பாட்டு என்று சொல்லிச் சிரித்தவர், காதில் பூச்சி புகுந்து அழுதவர்.

மறுநாள் கேமராவுக்குக் கேட்கிற மாதிரி, "இன்னைக்குப் பேர் சொல்லுற பயிற்சி. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லப் பாருங்க" என்றாள். இன்னாசியின் முகத்தில் சலிப்பு தெரிந்தது. முதல் பெயரைச் சொன்னாள். அவர் முயன்றார், வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதாக "காதர் மீரான்" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார்.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. லூர்து ராயன், கண் மூடியது. சுடலைமணி, மூடியது. கிறிஸ்டோபர் வாஸ், மூடவில்லை. எங்கேயோ உயிரோடு இருக்கிறான். ஒவ்வொரு பெயருக்கும் அவர் வாய் தோற்றுக்கொண்டே இருந்தது. மாலையில் பூபாலன் போன் செய்தார். "ரெக்கார்டு பார்த்தோம். ஒரு பேர்கூட வரலையே. நல்லா சோதிச்சுப் பார்த்திருக்கீங்க, நன்றி மேடம்" என்றார்.

ஆறு நாளில் நோட்டு முடிந்தது. ஐம்பத்தேழு பெயருக்குக் கண் மூடியிருந்தது. வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது இன்னாசி கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, அதற்குக் கேட்காதபடி மெதுவாக, "மொத்தம் அறுபத்தொண்ணும்மா" என்றார். "நாலு பேரு துறைமுகத்து ஆளு இல்ல. அதான் உங்க நோட்டுல இல்ல."

குழு வந்தது. நகர மண்டபத்தில் விசாரணை. எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக அதை நேரலையாக ஒளிபரப்ப வேண்டும் என்று பூபாலனே ஏற்பாடு செய்திருந்தார். கப்பல் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நாடுகள் எல்லாம் பார்க்கும். உள்ளூர்த் திரைகளிலும் போனது, சந்தையில், பேருந்துகளில், துறைமுகக் குடியிருப்பின் வீடுகளில்.

குழுவின் தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். சுகிர்தா பேச்சு உதவியாளராக இன்னாசிக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னாசி தெளிவாகச் சொன்னார். "அன்னைக்குப் பகல் ஒரு மணியிலருந்து சாயங்காலம் வரைக்கும் அறுபத்தோரு பேரைக் கொண்டாந்தாவ. எடமில்லாம வராந்தாவுல கெடத்துனோம். எல்லாருக்கும் குண்டுக் காயம். நான்தான் எழுதுனேன்."

"அவர்கள் யார்?" என்று தலைவி கேட்டார்.

"துறைமுகத்துல பாரம் தூக்குதவரு. கிரேன் ஓட்டுத தம்பி, மேலத் தெருக்காரரு. புதுசாக் கல்யாணம் ஆனவரு."

"பெயர்கள்?"

"தெரியும். வரல."

துறையின் மருத்துவர் எழுந்து பக்கவாதத்தைப் பற்றி வருத்தத்தோடு விளக்கினார். தலைவி பேனாவை மூடினார்.

சுகிர்தா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதைப் பிரித்துக்கொண்டு எழுந்தாள். "அம்மா, இவருக்குப் பேர் சொல்லத்தான் வராது. கேட்டாத் தெரியும். நான் எழுபது பேரை வாசிக்கிறேன். அதுல பதிமூணு பேர் உயிரோட இருக்கிறவங்க, கலந்து வச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

பூபாலனின் கை சட்டைக் காலரிலிருந்த மைக்கை நோக்கிப் போனது. வழியில் நின்றது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தினால் நிறுத்தியதை உலகம் பார்க்கும். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் வாசித்தாள்.

"காதர் மீரான்."

"ஆமா."

"கிறிஸ்டோபர் வாஸ்."

"இல்ல."

"லூர்து ராயன்."

"ஆமா. பச்சைச் சட்டை."

எழுபது பெயர். பதிமூன்று 'இல்ல'யும் சரியாக வந்தன. கடைசிப் பெயரும் முடிந்தது. மண்டபத்துக்கு வெளியே, துறைமுகக் குடியிருப்புப் பக்கத்திலிருந்து, ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. பிறகு இன்னொன்று. கப்பலில் போயிருக்கிறான் என்று இரண்டு வருடம் ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கை மூடி வைத்துக் காத்திருந்த வீடுகள்.

குழுவின் அறிக்கை ஆறு வாரம் கழித்து வந்தது. அதில் இன்னாசிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். சாட்சியும் பேச்சு சிகிச்சையாளரும் பதினெட்டு நாள் சேர்ந்து பயிற்சி செய்திருக்கிறார்கள், ஆகவே பெயர்களை அடையாளம் காட்டியதைச் சுதந்திரமான சாட்சியமாக ஏற்க இயலவில்லை. அதே சமயம், சாட்சி தம் வீட்டில் குடும்பத்தோடு, காவலின்றி, யாரையும் சந்திக்கும் உரிமையோடு வாழ்வதைக் குழு நேரில் கண்டது. இந்நிலை தொடரும் என்று குடியரசு அளித்த உறுதியை வரவேற்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தானது.

அடுத்த வாரம் சுகிர்தாவுக்குக் கடிதம் வந்தது. பணிச்சுமையால் ஏற்படும் சோர்வுக்கு இலவச சிகிச்சை. நாற்பது நிமிடம். ஜெயசீலன் கூடவே வந்தான். வழியெல்லாம் அவன் அவள் கையை விடவில்லை. தொப்பியைக் கழற்றிய பிறகு அவள் வெளியே வந்து அவனைப் பார்த்தாள். பதினாலு வருடம் கூட வாழ்ந்தவன், மூக்கில் தழும்புள்ளவன், உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறவன். எல்லாம் தெரிந்தது. கூப்பிட வாய் திறந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

வேலை போயிற்று. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவள் ஒரு சனிக்கிழமை காலை மீன் சந்தைத் தெருவுக்குப் போனாள். இன்னாசியின் வாசலில் ஒரு கிழவி நின்றிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, விடியற்காலைப் பேருந்தில் வந்தவள்.

"டீவியில நீங்க வாசிச்சதுல என் மவன் பேரு இல்ல" என்றாள் கிழவி. "அவன் துறைமுகத்துல வேல பாக்கல. ஐஸ் வண்டி ஓட்டுனவன். அன்னைக்கு அந்தப் பக்கமாப் போனான். இருந்தானா இல்லையான்னு இவருட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க." அவள் இன்னாசியின் காதருகே குனிந்து மகன் பெயரைச் சொன்னாள்.

இன்னாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாம்மா. இடுப்புல ஒரு சாவிக்கொத்து. அதுல மாதா படம்."

அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவியது. சனிக்கிழமைதோறும் ஆட்கள் வந்தார்கள். சிலர் இதற்குச் சம்பந்தமே இல்லாத காணாமல் போனவர்களைக் கேட்டார்கள். "இல்லம்மா, எங்கிட்ட வரல" என்பார். சிலருக்கு அந்த இல்லைதான் கூடுதலாக வலித்தது. வரிசை தெரு முனைவரை நீளும். துறையின் வண்டி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும், ஒன்றும் செய்யாது. யாரையும் சந்திக்கலாம் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்களே. சுகிர்தா வரிசையை ஒழுங்குபடுத்தினாள். வந்தவர்களின் பெயர் அவள் நாக்கில் நிற்காது. நீலச் சேலை அக்கா வாங்க, தொப்பிக்காரர் வாங்க என்று கூப்பிடுவாள்.

வந்தவர்கள் கேட்டதில் இன்னும் ஒரு பெயருக்குக் கண் மூடியது. அறுபத்தொன்றில் கணக்கு ஐம்பத்தொன்பதோடு பல வாரம் நின்றது.

ஒருநாள் வரிசையில் நடுவில் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. அவளுக்கு ஆளைத் தெரிந்தது. மென்மையாகப் பேசுகிறவர். தொப்பியைத் தலையில் வைக்க உத்தரவு போட்டவர். அவர் பேர் வரவில்லை. எதிரே நின்ற துறை வண்டியிலிருந்து இறங்கி வரவில்லை, பேருந்தில் வந்திருந்தார். தன் முறைக்காக ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார்.

அவர் உள்ளே வந்ததும் செலின் எழுந்து குறுக்கே நின்றாள். "இவருக்கு ஒண்ணும் சொல்லாதீக."

இன்னாசி செலினைக் கையால் ஒதுங்கச் சொன்னார். "கேட்டாச் சொல்லத்தான இங்க உக்காந்திருக்கேன். கேளுங்க."

"என் தங்கச்சி மகன்" என்றார் பூபாலன். குரல் மிகவும் தணிந்திருந்தது. "காலேஜ்ல படிச்சான். ரெண்டு வருஷமா ஆளில்ல. சொல்லாம எங்கேயோ போயிட்டான்னு இருக்கோம். அவ என்கிட்டதான் தேடச் சொன்னா. நானும் எல்லா இடத்துலயும் தேடினேன். உங்க பதிவேட்டை எரிச்சது நான்தான். திறந்து பார்க்காம எரிக்கணும்னு உத்தரவு. திறக்கல." அவர் குனிந்து ஒரு பெயரைச் சொன்னார்.

இன்னாசியின் கண் மூடியது.

"நோட்டுப் பையோட கொண்டாந்தாவ. கைக்கடியாரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வயசு பத்தொம்பதுன்னு எழுதுனேன். சரியா?"

"சரி."

பூபாலன் திரும்பி இரண்டடி நடந்து நடைவாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். சுகிர்தா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுகிர்தா மேடம்" என்றார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாரக் கணக்கில் சொல்ல வராத பெயர். "என் தங்கச்சிகிட்ட இதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவர்மேல் இரக்கப்பட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முதல்ல பையனோட பேரைச் சொல்லுங்க சார்" என்றாள். "உங்களால முடியும்."

பிறகு வரிசையின் பக்கம் திரும்பி, கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை உள்ளே வரச் சொன்னாள்.